அண்ணியின் காலில் காலியாக விட்ட ஓட்டைகள்

என் அண்ணிக்கு பஸ் டிப்போவில் வைத்த பெயர் ஹாரன். ஒருநாள் அவள் ஓட்டிய வண்டியில் ஹாரன் அடிக்கவில்லை. வேறு ஓட்டுநராக இருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆள் வரட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். இவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கடைசி நிறுத்தம் வரைக்கும் தானே கத்திக்கொண்டு ஓட்டினாள். "பைக்கு, ஒதுங்கு! லாரிக்காரரே, தூங்காதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் சாலை இரண்டாகப் பிளந்து வழிவிட்டதாம். இறங்கிய பயணிகளில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் காதைத் தேய்த்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அண்ணனும் அதே டிப்போதான். ஃபிட்டர். வண்டி வெளியே போவதற்கு முன்னால் சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாக அதன் மேல் மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். கோடு இல்லாத நட்டு ஒன்று கண்ணில் பட்டால் வண்டி கேட்டைத் தாண்டாது. மேலாளரே வந்து நின்றாலும் தாண்டாது. இவர்கள் இருவரும் காதலித்ததே அப்படித்தான். 'பிரேக் சரியில்லை' என்று அவள் சொல்ல, 'உன் கால் சரியில்லை' என்று இவன் சொல்ல, அந்தச் சண்டை கல்யாணத்தில் போய் முடிந்தது. சண்டை மட்டும் முடியவில்லை. அண்ணி பாசமாக இருந்தால் 'என்னங்க' என்பாள், கோபம் வந்தால் 'ஃபிட்டரே' என்பாள். மாடியில் குடியிருக்கிற நான், துணி தைத்துக்கொண்டே கீழே எந்த வார்த்தை விழுகிறது என்று கேட்டு, இப்போது இறங்கிப் போகலாமா கூடாதா என்று முடிவு செய்வேன்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஒருநாள் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, கழுவிவிட்ட ஈரத்தரையில் அண்ணிக்குக் கால் வழுக்கியது. வண்டிக்கு அடியில் போய் வேலை பார்ப்பதற்காகத் தோண்டிய பள்ளம் ஒன்று அங்கே உண்டு. அதன் சிமென்ட் விளிம்பில் இடது முட்டி போய் மோதியது. முட்டிக்குச் சற்று மேலே தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. தூக்க வந்தவர்களிடம் அவள் அழவில்லை. "என் வண்டியை எவன்கிட்டயும் குடுத்துடாதீங்க. கியர்ல கைய வச்சு நாசம் பண்ணிடுவானுங்க" என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மயங்கினாள்.

எலும்பு டாக்டர் எங்களைவிட வயதில் சின்னவர். கண்ணாடிக்குள்ளிருந்து நேராகப் பார்த்துப் பேசுகிற பெண். ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பஸ் ஓட்டுவேனா?"

"நடப்பீங்க. அதை என்னால சொல்ல முடியும். ஓட்டறது பத்தி இப்ப சொன்னா அது பொய்."

இடது கால் என்றால் கிளட்ச். நகரத்து நெரிசலில் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எத்தனை முறை அதை மிதிக்க வேண்டும் என்பது ஓட்டுபவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கால் பழையபடி தாங்காவிட்டால் அண்ணிக்கு அந்த இருக்கை கிடையாது. அண்ணி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவளுடைய தோளைத் தடவப் போனேன். "தொடாதே. யோசிக்கறேன்" என்றாள்.

ஆபரேஷன் முடிந்தது. தொடையின் வெளிப்பக்கமாக, சதைக்கு அடியில் ஒரு நீளமான தகட்டைச் செருகித் திருகாணிகளால் பூட்டியிருந்தார்கள். எக்ஸ்ரே படத்தை அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். முட்டிப் பக்கம் கொத்தாகத் திருகாணிகள். மேலே, இடுப்புப் பக்கம் போகிற இடத்தில் இடைவெளி விட்டுச் சில. நடுவில், எலும்பு நொறுங்கிய இடத்தில், தகட்டில் ஓட்டைகள் மட்டும் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒன்றில்கூட ஆணி இல்லை.

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற மஞ்சள் சாக்பீஸை எடுத்து, அந்தப் படத்தின் மேலேயே ஒவ்வொரு காலி ஓட்டையையும் சுற்றி வட்டம் போட்டான். பளபளப்பான படத்தில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. எச்சில் தொட்டுப் போட்டான். அதைத் தூக்கிக்கொண்டு நேராக டாக்டரின் அறைக்குள் போனான். வெட்கக்கேடு வேண்டாம் என்று தடுக்கத்தான் நானும் பின்னால் ஓடினேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் சந்தேகம்தான். நான் தைக்கிற சட்டையில் காஜா இருந்தால் பட்டன் இருக்கும்.

"மேடம், இத்தனை போல்ட்டு விட்டுப் போயிருக்கு" என்றான்.

டாக்டர் படத்தைப் பார்த்தார், எச்சில் வட்டங்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "விட்டுப் போகல. வேணும்னுதான் விட்டேன்."

"போடறதுக்கு இல்லேன்னா ஓட்டை எதுக்கு மேடம்?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு எடத்துல உடையுது. அவங்க அவங்களுக்கு எங்க வேணுமோ அங்க போட்டுக்கறதுக்காக எல்லா எடத்துலயும் ஓட்டை இருக்கு. எல்லாத்துலயும் போடணும்னு இல்ல."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனது மாதிரி, அண்ணன் அவருக்குத் திருகாணியைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். ஒரு நட்டு குறைந்தால் மற்ற நட்டுகள் தளரும், சக்கரம் ஆடும், வண்டி கவிழும் என்றான். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜையிலிருந்த மெல்லிய எஃகு ஸ்கேலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"ரெண்டு கையையும் கிட்டகிட்ட வச்சு வளைங்க."

வளைத்தான். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் அந்தச் சின்ன இடம் மட்டும் சுருக்கென்று மடங்கியது.

"இப்ப கையைத் தள்ளி வச்சு, அதே அளவுக்கு வளைங்க."

இந்த முறை ஸ்கேல் முழுதும் மெதுவாக வில்லாக வளைந்தது. ஓரிடத்திலும் மடிப்பு விழவில்லை.

"உங்க வீட்டம்மாவுக்கு எலும்பு நடுவுல பொடியாயிருக்கு. அது சேர்ற வரைக்கும் அந்த எடத்துல பாரத்தை வாங்கறது இந்தத் தகடுதான். அவங்க வைக்கற ஒவ்வொரு அடிக்கும் இது துளி வளையும். நொறுங்கின எடத்துக்கு ஒட்டியே ரெண்டு பக்கமும் இறுக்கிட்டா, அந்த வளைவெல்லாம் ஒரே எடத்துல விழும். கம்பியை ஒரே எடத்துல திருப்பித் திருப்பி வளைச்சா என்ன ஆகும்?"

"ஒடியும்" என்றான் அண்ணன், வேண்டா வெறுப்பாக.

"தகடும் அப்படித்தான் ஒடியும். ஆணியைத் தள்ளிப் போட்டா வளைவு பரவும், தகடு அதிக நாள் உழைக்கும். இன்னொண்ணு, எலும்பு உங்க சக்கரம் மாதிரி இல்ல, அதுக்கு உயிர் இருக்கு. உடைஞ்ச எடத்துல கொஞ்சூண்டு அசைவு தெரிஞ்சாத்தான் இங்க வேலை இருக்குன்னு புது எலும்பு கட்டும். துளிகூட அசைய விடாம கட்டிப் போட்டா சும்மா இருந்துடும். ரொம்ப ஆடினாலும் கட்டினதெல்லாம் பிஞ்சுடும். எந்தத் தகடும் ஆயுசுக்கும் தாங்காது. அது களைச்சுப் போறதுக்குள்ள எலும்பு சேர்ந்துடணும். அவ்வளவுதான் கணக்கு."

எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்திருக்கும், ஆனால் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஸ்கேலை மேஜையில் வைத்துவிட்டு, "அது ஸ்கேலு மேடம். இது என் பொண்டாட்டி" என்றான்.

வார்டுக்குத் திரும்பியதும் அண்ணியிடம் தன் திட்டத்தைச் சொன்னான். வேறு ஆஸ்பத்திரியில் காட்டி, திரும்பவும் திறந்து, மிச்ச ஓட்டைகளையும் மூடிவிடலாம் என்றான்.

"ஃபிட்டரே" என்றாள் அண்ணி. நான் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டேன். "என் தொடை என்ன, உன் பின் சக்கரமா? இந்தக் காலுக்கு நான்தான் டிரைவர். இதுல ஸ்பானர் வைக்க வர்றவன் கையை மொதல்ல உடைச்சிட்டு, அப்புறம் அவனுக்கும் இதே தகட்டை வைக்கச் சொல்லுவேன்." பக்கத்துக் கட்டில்காரி போர்வைக்குள் சிரித்தாள்.

டாக்டர் சொல்லி அனுப்பியது இதுதான்: முட்டியைத் தினமும் மடக்கி நீட்ட வேண்டும், வாக்கர் என்கிற நடைசட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் காலில் பாரம் வைக்க வேண்டும். எவ்வளவு பாரம் என்று பழகுவதற்கு எடை பார்க்கிற மெஷின் ஒன்றை வாங்கச் சொல்லி, அதன் மேல் அந்தக் காலை மட்டும் வைத்தால் முள் எதுவரை போகலாம் என்றும் குறித்துக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்த மறுநாளே அண்ணன் நடைசட்டத்தை எடுத்துப்போய் டிப்போவில் தன் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான். ஆடுகிற வண்டியை ஓடவிட மாட்டானாம். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர், விசிறி, ரேடியோ, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தான். அவள் தும்மினால் கைக்குட்டையோடு வந்து நின்றான்.

"உங்கண்ணன் என்னை நிறுத்தி வச்ச வண்டி ஆக்கிட்டான்டி. இப்படியே விட்டா சக்கரத்துல புல்லு மொளைக்கும்" என்றாள் என்னிடம்.

அதனால் அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு நாங்கள் எங்கள் வேலையை ஆரம்பித்தோம். சமையலறையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை அவள் பிடித்துக்கொள்வாள், நான் பின்னாலிருந்து அவளுடைய இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். மெஷின் மேல் கால் இறங்கும். நான் எட்டிப் பார்த்து முள்ளைச் சொல்வேன். "இன்னும் போகலாம் அண்ணி. போங்க, போங்க, போதும்!" வலியில் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. டிப்போ முழுவதற்கும் போதும் அவை. முட்டி மடங்க மறுத்தபோது, "மடங்கலேன்னா உன்னை விட்டுடுவேன்னு நெனச்சியா?" என்று அதையே திட்டினாள். தன் முட்டியோடு இப்படிச் சண்டை போடுகிற மனுஷியை நான் கண்டதில்லை.

ஒருநாள் அண்ணன் சீக்கிரம் வந்துவிட்டான். நாற்காலியைப் பிடித்து அண்ணி கூடத்தின் நடுவில் நிற்கிறாள், நான் பின்னால் நிற்கிறேன். அவன் கையிலிருந்த பை கீழே விழுந்தது. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை, சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான்.

"உன்னைத் தூக்கிட்டுப் போனப்ப உன் கால் ஒரு பக்கம் தொங்கிச்சு. உன் கால் மாதிரியே இல்ல. அது கண்ணுலயே நிக்குது. எனக்கு இறுக்கத்தான்மா தெரியும். வேற ஒண்ணும் தெரியாது" என்றான். என் அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அண்ணிக்கும் கண் கலங்கியது. ஆனாலும் உட்காரவில்லை. "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. பூட்டு போடாதீங்க. நாளைக்கு அந்தச் சட்டம் வீட்டுக்கு வரணும்" என்றாள். நின்ற இடத்திலிருந்து அவனுடைய பக்கமாக ஒரு அடி வைத்தாள். மறுநாள் சட்டம் வந்தது. அவன் அதைத் துடைத்து, சும்மா இருக்க முடியாமல் அதன் நட்டுகளையும் இறுக்கிக் கொண்டுவந்திருந்தான்.

அடுத்த எக்ஸ்ரேயில், தொடையின் உள்பக்கமாகப் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. புது எலும்பு என்றார் டாக்டர். இந்த முறை சாக்பீஸ் வெளியே வரவில்லை. ஆனால் அண்ணன் கேள்வி கேட்காமல் விடுகிறவனா? "தகடு இருக்கற பக்கம் ஒண்ணுமே காணோமே மேடம்?"

"அந்தப் பக்கம் தகடு ஒட்டிப் பிடிச்சிருக்கு, அசைவு கம்மி. அங்க மெதுவாத்தான் வரும். தகட்டுக்கு எட்ட இருக்கற பக்கம்தான் மொதல்ல வளரும்."

அண்ணன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

நடைசட்டம் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் போனது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அண்ணி சீருடையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போனால், மேலாளர் அவளை விசாரணை கவுண்டருக்கு மாற்றி வைத்திருந்தார். மின்விசிறி, மெத்தை நாற்காலி, எந்த பஸ் எப்போது வரும் என்று சொல்லுகிற வேலை. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அதிர்ஷ்டக்காரி என்றார்கள். அண்ணனும் தலையாட்டினான்.

"கால்ல இரும்பு வச்சுக்கிட்டு பஸ் ஓட்டறது ரிஸ்க்கும்மா" என்றார் மேலாளர்.

"பஸ்ஸே இரும்புதான் சார்."

"விளையாடாதீங்க. பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருப்பாங்க. நடு ரோட்டுல உங்க கால் வரலேன்னா?"

"அது நியாயமான கேள்வி. சோதிச்சுப் பாருங்க. கிளட்ச் ரொம்ப முரடா இருக்கற வண்டியாக் குடுங்க. தோத்துட்டா நானே போய் கவுண்டர்ல உக்காந்துக்கறேன், அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டாள் என்பதை யாரும் நம்பவில்லை. இருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டார். அன்று இரவு அண்ணன் கெஞ்சினான். கவுண்டர் வேலைக்கு என்ன குறைச்சல் என்று கேட்டான். அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இடது பாதத்தை வைத்து அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள்.

சோதனைக்கு நானும் போனேன். டிப்போவிலேயே மிகப் பழைய வண்டி யார்டின் நடுவில் நின்றது. மேலாளர் ஏறி முன்னால் கம்பி ஓரம் நின்றார். நான் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். அண்ணி ஏறினாள். உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தாள். கிளட்ச்சை மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்தாள். அவள் முகம் மாறியது.

கால் வரவில்லையோ என்று எட்டிப் பார்த்தேன்.

"சார், வண்டியில ஒரு கோளாறு. ஃபிட்டரை வரச் சொல்லுங்க" என்றாள்.

"நேத்துதானே எல்லாம் பார்த்தாங்க?"

"பார்த்தது கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

மேலாளர் இறங்கிப் போய்க் கூப்பிட்டுவிட்டு, அங்கேயே யாருடனோ பேச நின்றுவிட்டார். அண்ணன் ஓட்டுநர் பக்க ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். அவன் நின்ற விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"என்ன மாட்டி வச்சிருக்கீங்க?" அண்ணியின் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை.

"ஒரு ஸ்பிரிங்தான். பெடலுக்குத் துணையா. பாதிப் பாரத்தை அது வாங்கிக்கும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

"ஒரு நாளைக்குத்தானேம்மா. சோதனை முடியட்டும். உன் கால் தாங்கலேன்னா என்ன பண்ணுவே?"

"தாங்கலேன்னா தாங்கல. அது மொதல்ல எனக்குத் தெரியணும். நாளைக்கு வேற வண்டி குடுப்பாங்க, நாப்பது அம்பது பேரை ஏத்திக்கிட்டுப் போகணும், அதுல யார் வந்து ஸ்பிரிங் மாட்டுவா? எல்லாப் பாரத்தையும் நீங்களே வாங்கிக்கிட்டா அப்புறம் என் கால் எனக்கு எதுக்குங்க?"

அவன் தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்காக என் மனசு பதறியது. அவள்மேல் கோபம்கூட வந்தது. ஒரு சின்ன ஸ்பிரிங், யாருக்கு என்ன நஷ்டம்? இந்தப் பிடிவாதக்காரிக்கு விட்டுக்கொடுக்கவே தெரியாதா என்று நினைத்தேன்.

"கழட்டு" என்றாள்.

அவன் வண்டிக்கு அடியில் போனான். இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையை மூடிக்கொண்டு வந்தான், மேலாளர் பக்கம் பார்க்கவேயில்லை. என்ன கோளாறு என்று, திரும்பி ஏற வந்த அவர் கேட்டதற்கு, "தேவையில்லாதது ஒண்ணு மாட்டியிருந்துச்சு சார், எடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

அண்ணி மறுபடி மிதித்தாள். இந்த முறை அவளுடைய கழுத்து நரம்பு புடைத்தது. பெடல் இறங்கியது, ஆனால் சுலபமாக இறங்கவில்லை. வண்டி நகர்ந்தது. யார்டைச் சுற்றினாள், நிறுத்தினாள், எடுத்தாள், நிறுத்தினாள், எடுத்தாள். பிறகு மேலாளர் பட்டறைக்கு ஏறுகிற சாய்வைக் காட்டி, பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் நழுவாமல் எடுக்கச் சொன்னார். வண்டி நின்றது. அண்ணியின் இடது தொடை பேன்ட்டுக்குள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அது வலியா, பயமா, தெரியாது. உதட்டைக் கடித்துக்கொண்டு பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். எஞ்சின் உறுமியது. வண்டி பின்னால் ஒரு விரற்கடைகூட நழுவாமல் மேலே ஏறியது.

கீழே அண்ணன் சக்கரத்துக்குப் பின்னால் வைப்பதற்காக ஒரு மரக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அதைத் தரையில் வைக்கவே இல்லை.

"போதும்மா. வண்டியை நிறுத்திட்டு இறங்குங்க. நாளைலேர்ந்து பார்க்கலாம்" என்றார் மேலாளர்.

அண்ணி நிறுத்தவில்லை. சாய்விலிருந்து வண்டியைத் திருப்பி நேராக வாசலைப் பார்த்து ஓட்டினாள். அங்கே கேட் மூடியிருந்தது. வண்டி அதன் முன்னால் போய் நின்று உறுமிக்கொண்டிருந்தது. மேலாளர் பதறிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா போறீங்க?"

"யார்டுக்குள்ள சுத்திட்டு வர்றதுக்கா சார் நான் டிரைவரானேன்? ரோட்டுல பார்த்துட்டுச் சொல்லுங்க, நான் ஓட்டுவேனா மாட்டேனான்னு." ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "யாருப்பா அங்க? கேட்டைத் திறங்க!"

காவலாளி மேலாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைத் தள்ளிவிட்டு யாரோ ஓடிவந்து தாழ்ப்பாளை இழுத்தார்கள். இரும்புக் கதவுகள் இரண்டும் கிறீச்சிட்டு விலகின. திறந்துவிட்டது என் அண்ணன்தான்.